வண்டி தயார், ஊர் எங்கே?

1963 ஜனவரி. இங்கிலாந்து அந்த நூற்றாண்டில் கண்ட மிகக் கொடிய குளிர்காலங்களில் ஒன்று. லண்டனில் வானொலி ஒலிப்பதிவை முடித்துக்கொண்டு லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேனின் முன்கண்ணாடி, கல் பட்டு நொறுங்கிப்போனது. ஓட்டியவர் மால் எவன்ஸ். தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். வழக்கமாக ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்று கைமாற்றாக வந்திருந்தார். உடைந்த கண்ணாடியைக் குத்தி வெளியே தள்ளிவிட்டு, பனிக்காற்றை முகத்தில் வாங்கியபடி மீதித் தூரத்தையும் ஓட்டினார். பின்னால் இருந்த நான்கு பையன்களும் குளிர் தாங்காமல் மூட்டை அடுக்குவதுபோல ஒருவர்மேல் ஒருவராகப் படுத்துக்கொண்டார்கள். மேலே கிடப்பவன் விறைத்துப்போனால் அடிக்குப் போவான், அடியில் கிடந்தவன் மேலே வருவான். ஒரு விஸ்கி பாட்டில் கை மாறிக்கொண்டே இருந்தது. அடுத்த கச்சேரி லிவர்பூல் கேவர்ன் கிளப்பில். போய்ச் சேர்ந்து வாசித்தார்கள். ‘பிளீஸ் பிளீஸ் மீ’ என்ற அவர்களுடைய இசைத்தட்டு கடைக்கு வந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

பீட்டில்ஸ் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பது இங்கே வேண்டாம். அந்த இரவில் அவர்கள் வேனில் ஊர் ஊராகப் போய்வரும் சின்ன பேண்ட், அவ்வளவுதான்.

அதே சாலையில் அதே கல் இன்று வந்து பட்டால்? முதலில், கண்ணாடி அப்படிப் பொலபொலவென்று உதிராது, விரிசலோடு நின்றுவிடும். வேனில் இருக்கும் ஒருத்தி ஃபோனை எடுத்து, வாடகைக்கு விட்டவர்களைக் கூப்பிடுவாள். ஆள் வருகிற வரை ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, விரிசலைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு, இருக்கையைச் சாய்த்துத் தூங்கலாம். பிரிட்டனில் ஒரு சின்ன ராக் பேண்டின் சுற்றுப்பயணம் இந்த அறுபது வருடத்தில் அவ்வளவு சொகுசாகிவிட்டது. வேன் போய் நிற்க வேண்டிய ஊர்கள்தான் கழன்றுகொண்டே வருகின்றன.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிழைப்பில் வண்டிதான் வீடு. 1965இல் ஃபோர்டு கம்பெனி டிரான்சிட் என்ற வேனைக் கொண்டுவந்தது. அகலமான உடம்பு, கார் மாதிரி ஓட்டம், கொஞ்சம் வேகமும் உண்டு. டிரம்ஸ், ஸ்பீக்கர் பெட்டிகள், ஐந்து ஆட்கள் எல்லாம் ஒரே வண்டியில் அடங்கினார்கள். (வங்கிக் கொள்ளையர்களுக்கும் இதே காரணங்களுக்காக இதே வண்டி பிடித்துப்போனது தனிக் கதை.) பின்பக்கத்தில் யாரோ தூக்கிப் போட்ட பழைய சோபா கிடக்கும், அதுதான் இருக்கை. பெல்ட் கிடையாது. சோபாவுக்குப் பின்னால் கூரை வரை சாமான். ஓட்டுகிறவர் சடக்கென்று பிரேக் போட்டால் முதலில் முன்னால் வருவது ஸ்பீக்கர் பெட்டி.

அந்தப் பெட்டிகளின் கனம் லேசுப்பட்டதல்ல. லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்றுக்கொண்டிருந்தார். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்கு இன்னும் சத்தம் வேண்டும். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் எட்டை ஒரே பெட்டிக்குள் வைத்துக் கேட்டார், செய்து கொடுத்தாயிற்று. தூக்குகிற ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முறையிட்டார்கள். பெட்டியை நான்கு நான்காக இரண்டாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடை என்றவுடன் இன்றைக்கும் நம் கண்முன் வரும் அந்தக் கறுப்புக் கோபுரம், சுமைகூலிக்காரர்களின் முதுகுவலியில் பிறந்தது.

இப்போது அந்த ஓசையை எல்லாம் உள்ளே அடக்கிய டிஜிட்டல் பெட்டி டிபன் கேரியர் அளவுக்கு வந்துவிட்டது. தோள்பையில் போட்டுக்கொண்டு ரயிலிலேயே கச்சேரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேனும் மாறிவிட்டது. ‘ஸ்ப்ளிட்டர்’ என்று சொல்லும் வண்டியில் ஆட்கள் முன்னால், சாமான் பின்னால், நடுவில் கெட்டியான தடுப்பு. ஒவ்வொரு இருக்கைக்கும் பெல்ட், சார்ஜ் போட ஓட்டை, சிலதில் மேசைகூட.

அந்தத் தடுப்பின் அருமை தெரிய வேண்டுமானால் 1969 மே 12க்குப் போக வேண்டும். பர்மிங்காமில் மதர்ஸ் என்ற கிளப்பில் வாசித்துவிட்டு ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவினர் ராத்திரியோடு ராத்திரியாக லண்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தங்க அறை எடுத்தால் வாங்கிய காசு அதற்கே போய்விடும். ஆகவே எல்லாரும் செய்ததைத்தான் செய்தார்கள். விடியும் நேரத்தில் எம் 1 நெடுஞ்சாலையில் வேன் உருண்டது. டிரம்ஸ் வாசிக்கும் மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது பத்தொன்பது. கிதார் வாசிக்கும் ரிச்சர்ட் தாம்ப்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். அவர் உடை வடிவமைப்பவர். இசைக்கலைஞர் ஜாக் புரூஸ் அதே வருடம் வெளியிட்ட இசைத்தட்டுக்கு ‘ஒரு தையற்காரிக்கான பாடல்கள்’ என்று பொருள்படும் பெயர் வந்தது அவரை நினைத்துத்தான். மிச்சம் இருந்தவர்கள் குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். கலைக்கவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் ‘லீஜ் அண்ட் லீஃப்’ என்ற அவர்களுடைய இசைத்தட்டு வந்தது. பிரிட்டிஷ் நாட்டார் இசையையும் ராக்கையும் பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

நம்மூரில் சித்திரை, வைகாசியில் கோயில் கொடைக்கு டெம்போ டிராவலரில் பறந்து, நள்ளிரவுக்கு மேல் கச்சேரி முடித்து, மறுநாள் மாலைக்குள் அடுத்த ஊர் போய்ச் சேரும் மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

ஆபத்து இன்றும் முழுக்கப் போய்விடவில்லை. வாரிங்டனைச் சேர்ந்த வயோலா பீச் குழுவின் நால்வரும் மேலாளரும் 2016 பிப்ரவரியில் ஸ்வீடனில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில், திறந்திருந்த பாலத்திலிருந்து காரோடு கால்வாயில் விழுந்து இறந்தார்கள். லிவர்பூலின் ஹெர்ஸ் என்ற இருவர் குழுவும் அவர்களுடைய மேலாளரும் 2019 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், சுற்றுப்பயணத்தின் நடுவே, கார் விபத்தில் போனார்கள். இருக்கை மாறியிருக்கலாம், இருட்டில் அடுத்த ஊரைப் பிடிக்க ஓடும் ஓட்டம் மாறவில்லை.

அந்த ஓட்டத்துக்கு நடுவே ஒரு சத்திரம் இருந்தது. எம் 1 சாலையும் அதன் ஓரத்தில் வாட்ஃபோர்ட் கேப் என்ற ஓய்விடமும் ஒரே நாளில், 1959 நவம்பர் 2இல் திறந்தன. அங்கே உணவகம் நடத்தியது புளூ போர் என்ற கம்பெனி. வடக்கே வாசித்துவிட்டு லண்டன் திரும்புகிறவர்கள், தெற்கே வாசித்துவிட்டு மான்செஸ்டர் போகிறவர்கள் எல்லாரும் விடியற்காலை இரண்டு மணிக்கு அங்கே வந்து எண்ணெய் சொட்டும் முட்டையும் பன்றியிறைச்சியும் தின்றார்கள். யார் எந்த ஊரில் எவ்வளவு கொடுத்தான், எவன் கொடுக்காமல் ஏமாற்றினான், எந்தக் கிளப்பில் மின்சாரம் தொட்டால் அடிக்கும் என்ற சகல செய்தியும் அந்த மேசைகளில்தான் கைமாறியது. லண்டனுக்கு வந்த புதிதில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், எல்லாரும் ‘புளூ போர், புளூ போர்’ என்று பேசுவதைக் கேட்டு அது ஏதோ பெரிய இசைக் கிளப் என்று நினைத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் நம்பலாம் போலிருக்கும் கதை. சாப்பாடு மட்டும் மட்டம். பாடகர் ராய் ஹார்ப்பர் 1977இல் அதைத் திட்டி ஒரு பாட்டே கட்டினார். கம்பெனி முகம் சுளித்ததில் இசைத்தட்டின் பிந்தைய பதிப்புகளில் அந்தப் பாட்டைக் காணோம்.

இன்றைய வாட்ஃபோர்ட் கேப்பில் எந்த பேண்டும் எந்த பேண்டையும் தேடுவதில்லை. எந்த ஊரில் காசு வரும், எங்கே வராது என்பதற்கு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. காபியை வாங்கிக்கொண்டு வண்டிக்கே வந்துவிடுகிறார்கள்.

அப்போது எப்படிக் கட்டுப்படியானது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பதில் இசையில் இல்லை. கட்டுப்படியாகவில்லை என்பதே உண்மை. ஆனால் கட்டுப்படியாகாமலே வாழ முடிந்தது. 1970களிலும் 80களிலும் வேலையில்லாதவர்களுக்கு அரசு தந்த படிக்கு ‘டோல்’ என்று பேர். கிதார் வாசிப்பவன் வாரம் தவறாமல் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டான். அரசுக்குத் தெரியாத கலை மானியம் அது. 1983இல் தாட்சர் அரசு நாடெங்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது: வேலையில்லாதவர் ஆயிரம் பவுண்டு காட்டிச் சொந்தத் தொழில் தொடங்கினால் வாரம் 40 பவுண்டு. வேலையற்றோர் கணக்கைக் குறைத்துக் காட்டத்தான் இந்த ஏற்பாடு என்று எதிர்க்கட்சி சொன்னது. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்த நாற்பது பவுண்டில் நின்றவர்களில் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஆலன் மெக்கீயும் ஒருவர். ஆயிரம் பவுண்டு யாரிடம் இருந்தது என்று கேட்காதீர்கள். ஒருவர் கடன் வாங்கிக் காட்டுவார், அதே பணம் மறுநாள் அடுத்தவர் கணக்குக்குப் போகும்.

அடுத்தது மாணவர் மன்றங்கள். கல்லூரிக் கட்டணம் இல்லாத காலம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் கச்சேரி வைக்க ஒரு மாணவர் பொறுப்பில் இருப்பார், அவர் கையில் காசும் இருக்கும். தி ஹூவின் புகழ்பெற்ற நேரடி இசைத்தட்டு 1970 பிப்ரவரி 14இல் பதிவானது லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். இரண்டு வருடம் கழித்து இன்னொரு வேடிக்கை. பீட்டில்ஸ் உடைந்து, பால் மெக்கார்ட்னி விங்ஸ் என்ற புதுக் குழுவை வைத்திருந்தார். உலகமே அறிந்த மனுஷர், வாடகை வேனில் மனைவி, பிள்ளைகள், நாய்களோடு கிளம்பி, முன்கூட்டிச் சொல்லாமல், நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் போய் இறங்கி ‘நாளைக்கு வாசிக்கட்டுமா?’ என்று கேட்டார். நுழைவுக் கட்டணம் சில்லறைக் காசு. மூட்டையாகக் கிடைத்த சில்லறையை வேனில் உட்கார்ந்து ஆளுக்குச் சமமாகப் பங்கிட்டார்கள். அத்தனை பணம் சம்பாதித்த பிறகும் சின்ன பேண்டின் வாழ்க்கையை அவர் தேடிப்போனார் என்றால், அதில் ஏதோ இருந்திருக்கிறது.

மூன்றாவது, வாய்ப்பு. கிளாஸ்கோவில் கிங் டட்ஸ் என்று முந்நூறு பேர் நிற்கும் ஒரு கூடம். 1993 மே 31 அன்று மான்செஸ்டரிலிருந்து ஒரு பேண்ட், தெரிந்த குழு ஒன்று அங்கே வாசிக்கிறது என்று அறிந்து, வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு வந்து இறங்கியது. நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லை. மல்லுக்கட்டிச் சில பாட்டுகள் வாசிக்க இடம் வாங்கினார்கள். கூட்டத்தில் நின்றவர், மேலே சொன்ன அதே ஆலன் மெக்கீ. அன்றிரவே ஒப்பந்தம் பேசினார். ஓயேசிஸ் கதை இப்படித் தொடங்கியது. தற்செயல் என்பார்கள். தற்செயல் நடக்கவும் ஒரு கூடம் வேண்டும். அது திங்கட்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தை ஒரேயடியாக உச்சிமுகர எனக்கு மனமில்லை. பெண்களுக்கு அந்த வேனில் இருந்த இடம் மிகக் குறைவு. மேடையில் ஏறிய பெண்களைக் கூட்டம் நடத்திய விதம் கேவலம். காசு தராமல் பின்வாசல் வழியாக ஓடிய அமைப்பாளர்களுக்குக் கணக்கில்லை. தொலைபேசிப் பெட்டிக்குள் சில்லறையை அடுக்கிவைத்துக்கொண்டு, ‘இன்றைக்குக் கச்சேரி உண்டா?’ என்று நூறு மைல் தள்ளி நின்று கேட்கிற நிலைமை. வரைபடத்தை மடியில் விரித்துவைத்து வழி தவறியதில் பாதிச் சண்டைகள். சில பேண்டுகள் உடைந்ததே இந்தச் சண்டைகளில்தான். இன்றைய வேனில் பெண்கள் ஓட்டுகிறார்கள், ஒலி அமைக்கிறார்கள், பேண்டையே நடத்துகிறார்கள். இதை மட்டும் பழைய நாளோடு மாற்றிக்கொள்ள யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

கணக்குதான் உதைக்கிறது. சின்ன அரங்குகளுக்காக 2014இல் தொடங்கப்பட்ட மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பு வருடா வருடம் அறிக்கை வெளியிடுகிறது. 2023இல் மட்டும் 125 சிறு அரங்குகள் நேரடி இசையை நிறுத்திவிட்டன என்றது. 1994இல் இந்த அளவிலான பேண்ட் ஒரு சுற்றுப்பயணத்தில் சராசரியாக 22 இடங்களில் வாசித்தது, 2024இல் 11. பாதிக்குப் பாதி. அதே வருடம் இந்த அரங்குகளின் சராசரி லாபம் நூற்றுக்கு அரை பவுண்டுகூட இல்லை. நாற்பது சதவீதத்துக்கும் மேல் நஷ்டத்தில் ஓடின. பாத் நகரில் 1978இல் தொடங்கிய மோல்ஸ் என்ற நிலவறைக் கிளப், ரேடியோஹெட்டும் பிளரும் ஓயேசிஸும் சின்னவர்களாக வந்து வாசித்துப்போன இடம், 2023 டிசம்பரில் திவாலாகிக் கதவைச் சாத்தியது.

அரங்கு ஏன் சாகிறது என்றால், வாடகை, மின் கட்டணம், வரி என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லலாம். அதில் பக்கத்து வீட்டுக்காரர் கதை தனி. நகரத்தின் மலிவான, பாழடைந்த மூலையில் கிளப் தொடங்குவார்கள். கிளப் வந்ததால் அந்த மூலைக்கு மவுசு வரும். மவுசு வந்ததால் அடுக்குமாடி வரும். அடுக்குமாடிக்குக் குடிவந்தவர் முதல் வாரத்திலேயே மாநகராட்சிக்குச் சத்தம் பற்றி மனு போடுவார். 2018இல் இங்கிலாந்து அரசு, புதிதாகக் கட்டுகிறவர்தான் சத்தத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று திட்ட விதிகளில் சேர்த்தது. நல்ல விதி, பலருக்குத் தாமதமாக வந்த விதி.

வேனுக்கும் செலவு கூடிவிட்டது. சேர்த்துவைத்து வாங்கிய பழைய டீசல் வேன் லண்டனுக்குள் நுழைந்தால் நாளுக்கு 12.50 பவுண்டு புகைக் கட்டணம். 2023 ஆகஸ்டிலிருந்து பெருநகரம் முழுவதும். அந்த ‘நாள்’ நள்ளிரவில் முடிகிறது. கச்சேரி முடிந்து சாமான் ஏற்றி நகர எல்லையைத் தாண்டும்போது மணி பன்னிரண்டரை என்றால் இரண்டு நாள் கட்டணம். பர்மிங்காமில் 8, பிரிஸ்டலில் 9. பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்கும் தொடக்க பேண்டாக வாசிக்க ஐம்பதோ நூறோ பவுண்டு கிடைக்கும் ஓர் இரவில், இந்தச் சின்னச் சின்னத் தொகைகள்தான் கடிக்கும்.

கடல் தாண்டினால் கடி இன்னும் பலம். ஒரு காலத்தில் டோவரில் படகேறி பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின் என்று வாசித்துத் திரும்பினால் நஷ்டத்தை அங்கே ஈடுகட்டலாம். அங்குள்ள கிளப்புகளில் சூடாகச் சாப்பாடு போட்டுப் படுக்க இடமும் தருவார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பின், 2021 முதல், எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. நாட்டுக்கு நாடு வேலை அனுமதி விதி வேறு. கருவிகளைப் பட்டியலிட்டு முத்திரை வாங்கும் ‘கார்னே’ பத்திரம், விற்கக் கொண்டுபோகும் டி-சர்ட்டுகளுக்குச் சுங்கம். பீட்டில்ஸ் 1960இல் ஹாம்பர்குக்குப் போனபோதும் தாள்கள் சரியாக இருக்கவில்லை; ஜார்ஜ் ஹாரிசனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். இப்போது ஏறுவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

டி-சர்ட் என்றேன். இந்தப் பொருளாதாரம் முழுக்க அதன் முதுகில்தான் இருக்கிறது. இசையை இலவசத்துக்குப் பக்கத்தில் கேட்கலாம். 2024 முதல், ஒரு பாட்டை வருடத்தில் ஆயிரம் தடவையாவது கேட்காவிட்டால் ஸ்பாட்டிஃபை அதற்கு ஒரு பைசாவும் தருவதில்லை. எனவே கச்சேரி முடிந்ததும் வியர்வையோடு மேசைக்கு ஓடிப்போய் சட்டை விற்கிறார்கள். பெரிய அரங்குகளில் அந்தச் சட்டை விற்பனையிலும் நான்கில் ஒரு பங்கு கமிஷன் கேட்பார்கள். கமிஷன் கேட்காத அரங்குகளின் பட்டியல் ஒன்றை 2022இல் கலைஞர்கள் சங்கமே வெளியிட வேண்டிவந்தது. கேட் நாஷ் என்ற பாடகி 2024இல், தன் குழுவினருக்குச் சம்பளம் கொடுப்பதற்காகத் தன் பின்புறப் படங்களை இணையத்தில் விற்கப்போவதாக அறிவித்து, விற்கவும் செய்தார். சிரித்தவர்கள் உண்டு. கச்சேரியைவிட அதில் அதிகக் காசு வந்தது என்பது சிரிப்பை நிறுத்தியது.

லீட்ஸின் இங்கிலீஷ் டீச்சர் குழுவின் பாடகி லில்லி ஃபொன்டெய்ன், அதே 2024இல் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து இந்த வரவு செலவைச் சொன்னார். சில மாதம் கழித்து இங்கிலீஷ் டீச்சருக்கு மெர்க்குரி இசைப் பரிசு கிடைத்தது. பெரிய மைதானக் கச்சேரிகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு சிறு பங்கைச் சின்ன அரங்குகளுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று நாடாளுமன்றக் குழு சொன்னது. என்டர் ஷிகாரி என்ற பேண்ட் அந்தக் குழு சொல்வதற்கு முன்பே அதைச் செய்தது. கோல்ட்பிளே தன் 2025 பிரிட்டன் கச்சேரி வருமானத்தில் பத்து சதவீதம் தருவதாக அறிவித்தது. விகன் பக்கம் ஆதர்ட்டன் என்ற சிற்றூரில் ஸ்னக் என்ற நூறுபேர் காபிக்கடை அரங்கை 2023இல் ரசிகர்களின் பணத்தைத் திரட்டி விலைக்கே வாங்கிவிட்டார்கள், இனி வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல முடியாதபடி.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கச்சேரி முடிந்தால் திங்கள் காலை மறுபடி எம் 1தான். டோல் காலம் போய்விட்டதால் வேனில் இருக்கும் நால்வருக்கும் வேலை இருக்கிறது. ஒருத்தி பள்ளியில் உதவியாளர், விடுப்பு எடுத்திருக்கிறாள். டிரம்ஸ்காரன் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன், இன்றைக்கு வரவில்லை என்று ஆப்பை அணைத்துவைத்திருக்கிறான். பேஸ் வாசிக்கிறவன் மட்டும் மடிக்கணினியைத் திறந்து, ஃபோனிலிருந்து இணையம் எடுத்து, ஒன்பது மணி அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். கேமராவை அணைத்துவிட்டான். மைக்கையும் அணைத்துவிட்டான், பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் தடுப்புக்குப் பின்னால் சிம்பல் ஒன்று சரியாகக் கட்டாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது.